மெட்டில்டாக்கா விற்ற விமானம்

காரின் டிக்கிக்குள் தலையை நுழைத்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் மெட்டில்டாக்கா. வெளியே தெரிவது ஒரு நூல் சேலையும் இரண்டு ரப்பர் செருப்புகளும்தான். காரை விற்க வந்தவர் பக்கத்தில் நின்று நெளிகிறார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.

"வெள்ளத்துல நின்ன வண்டியா சார்?"

"சேச்சே, இல்லம்மா. எங்க தெருவுல தண்ணியே வராது."

"உங்க தெருவுல வராது. வண்டி எந்தத் தெருவுல நின்னுகினு இருந்துச்சு?"

 அந்த மனிதர், மழை பெய்த அந்த வாரம் வண்டி மச்சினன் வீட்டில் நின்றது, கதவு வரைக்கும் தண்ணீர் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கக்கினார். அக்கா தலையை வெளியே எடுத்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா போலீசா?" என்று கேட்டுவிட்டு அவருக்கும் சேர்த்து டீ சொன்னார்.

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையில், 'எம்.ஜே. கார் கன்சல்டிங்' என்ற பலகைக்குக் கீழே அக்காவைப் பார்க்கலாம். பழைய கார் வாங்கி விற்கிற இடத்துக்குக் கன்சல்டிங் என்று யார் முதலில் பெயர் வைத்தார்களோ தெரியாது, ஊரே அப்படித்தான் சொல்கிறது. தகரக் கூரை, ஏழெட்டு வண்டிகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் டிரைவர்கள் போடுகிற காக்கிச் சட்டை போட்டிருப்பார். ஏன் என்று கேட்டால் சட்டைப் பைகளைத் தட்டிக் காட்டுவார். ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் வேத வசன ஸ்டிக்கர், கீழ்ப் பையில் 786 ஸ்டிக்கர். வண்டி வாங்க வருகிறவர் யாரோ, அதற்கேற்ற பைக்குள் கை போகும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பாஸ்டர் ஒருமுறை பார்த்துவிட்டாராம். "அது என் நம்பிக்க இல்ல பாஸ்டர். கஸ்டமரோட நம்பிக்க. நான் சப்ளை மட்டும்தான்" என்றாராம் அக்கா. பாஸ்டர் பிற்பாடு தன் பழைய ஸ்கூட்டரை இவரிடம்தான் கொடுத்து மாற்றினார்.

எனக்கு இவர் பழக்கமானது இவரிடம் வாங்கிய ஒரு பச்சை ஆம்னி வேனால். என் தலையெழுத்து, வேறென்ன! அந்த வண்டியை இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். நான் குடியிருக்கும் சேலையூர் முழுக்க இடப்பக்கத் திருப்பங்கள். இரண்டாம் நாளே போய்ச் சண்டை போட்டேன். அக்கா அசரவில்லை. "சார், தானா கத்துதுன்னா வண்டிக்கு உயிர் கீதுன்னு அர்த்தம். கத்தாத வண்டிய வாங்கிகினு போயி பாருங்க, அப்பால தெரியும்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? அன்றிலிருந்து நான் அவருக்கு நண்பனும் ஆனேன், இன்னொரு உத்தியோகத்துக்கும் ஆளானேன்.

அந்த உத்தியோகம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய கார் வியாபாரத்தில் வாங்குகிறவருக்குப் 'பார்ட்டி' என்று பெயர். பார்ட்டி யோசிக்கும்போது, அதே வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க இன்னொரு பார்ட்டி வேண்டும். அவர் டயரை உதைக்க வேண்டும், போனில் யாரிடமோ "பிடிச்சிருக்கு, முடிச்சிடலாமா?" என்று பேச வேண்டும். உடனே உண்மையான பார்ட்டி அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். நான் கண்ணாடி போட்டவன், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டுகிறவன். "உங்க மூஞ்சில ஒரு பேங்க் லோன் களை கீது சார்" என்று சொல்லி என்னை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார். சம்பளம் டீ.

அக்காவின் இன்னொரு விதி, பார்ட்டி வருவதற்கு முன்னால் வண்டிக்கு "மூஞ்சி கழுவி பவுடர் போடுறது". அதற்கு துரை இருக்கிறார். எதிர்ப்புறம் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர். கீறல், கறை, எண்ணெய் வழிந்த தடம் எதுவானாலும் அவர் கைபட்டால் காணாமல் போய்விடும். "கலீஜா கீற வண்டிய எவன் தொடுவான்? பொண்ணு பாக்க வரும்போது பழைய நைட்டியோடயா நிக்க வெப்பாங்க?" என்பார் அக்கா.

வண்டி விற்றுக் கிளம்பும்போது ஒரு சடங்கு உண்டு. டிக்கியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "ரைட்!" அப்படியே திரும்பிக் கடைக்குள் போய்விடுவார். வண்டி தெருமுனை தாண்டும்வரை வெளியே வரமாட்டார். நான் கேட்டதற்கு, "டெலிவரி குடுத்த வண்டிய பின்னால நின்னு பாக்கக் கூடாது சார். பாத்தா கம்ப்ளைண்டோட திரும்பி வரும்" என்றார். என் ஆம்னியை நிச்சயம் நின்று பார்த்திருக்கிறார்.

இத்தனை விளையாட்டுக்கும் நடுவில் ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. எந்த வண்டியையும் வெட்டுக்கு, அதாவது உடைத்து எடைக்குப் போட, கொடுக்கமாட்டார். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன், தவணை கட்டாதவர்களிடம் பிடுங்கிய வண்டிகளை நிறுத்தி வைக்கிற மைதானம் ஒன்றில் காவலுக்கு இருந்தவர் அவர். நல்ல வண்டிகள் மழையில் நின்று நின்று புல் முளைத்து, கடைசியில் காயலான் கடை ஆட்கள் வந்து அங்கேயே வைத்து அறுப்பார்கள். "அறுக்கற சத்தம் கேக்கணுமே சார், ரெண்டு நாளு சோறு எறங்காது. இன்னும் ஓடும் சார் அது, ஓடும்! ஓட வெக்க ஆளு இல்ல, அவ்ளோதான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. ஓட வைக்கிற ஆளைத் தேடித் தருவதுதான் தன் தொழில் என்று அவர் நினைக்கிறார்.

அந்தத் தொழில்தான் போன கார்த்திகையில் அவரைப் பொழிச்சலூருக்குக் கொண்டுபோய் ஒரு விமானத்துக்கு முன்னால் நிறுத்தியது.

வீட்டுக்காரர் பெயர் சாம்பசிவன். எழுபதைத் தாண்டியவர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருந்தார். ஒரு பழைய காரை விற்கத்தான் அக்காவைக் கூப்பிட்டிருந்தார். காரை மோந்து முடித்த அக்கா, தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டார்.

"அது இன்னா சார், படகா?"

"ஏரோப்ளேன்மா."

அக்கா ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். சாம்பசிவன் தடவித் தடவி நடந்துபோய் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது செஸ்னா என்ற, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். இறக்கைகளைக் கழற்றிப் பழைய மெத்தைகளின் மேல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். பறக்கும் பள்ளி ஒன்று மூடியபோது ஆசைப்பட்டு வாங்கியதாம். ஞாயிற்றுக்கிழமை தெருவெல்லாம் மீன் வாங்கப் போகும்போது இவர் பறக்கப் போவார். பிறகு கண்ணில் அழுத்த நோய் வந்தது. மருத்துவச் சோதனையில் தேறவில்லை, உரிமம் போயிற்று. இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகின்றன. விமானத்தை விற்க மனம் வராமல், என்ஜினுக்குள் ஈரம் புகாதபடி அடைத்துப் பத்திரமாக மூடி வைத்துவிட்டார்.

  அக்கா விமானத்தின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"பெட்ரோலு... சீட்டுத் தோலு... கொஞ்சம் வேர்வ. நல்ல வண்டி சார். தண்ணி உள்ள பூரல. எலி மட்டும் ஒரு தபா வந்து போயிகீது."

சாம்பசிவன் சத்தமாகச் சிரித்தார். "எலி வந்தது நிஜம்மா! எப்படிக் கண்டுபிடிச்சே?"

அதே நேரம் தலைக்கு மேல் ஒரு பெரிய பயணிகள் விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டு போனது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அது ஓயும்வரை காத்திருந்து, சாம்பசிவன் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டு மகன் வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுத்துவிட்டான். பொங்கல் கழிந்ததும் ஜேசிபி வரும். அதற்குள் பறக்க வைக்கிற ஆள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இதை எடைக்குப் போட மகன் ஏற்கெனவே பேசிவிட்டான்.

"நான் பார்க்கப் போறதில்லம்மா. என் கண்ணு அவ்வளவுதான். ஆனா அது மேல போகணும்."

"வெட்டுக்கா? என் உசுரு இருக்கிற வரைக்கும் போவாது சார். நான் விக்கிறேன். வண்டி வண்டிதானே! ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நமக்கு ஆளு கீது."

"ப்ளேனுக்கு ஆர்.டி.ஓ. கிடையாதும்மா. டில்லி."

"டில்லியா?" அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். "சரி. டில்லிலயும் மனுசங்கதானே குந்திகினு கீறாங்க."

விளம்பரம் அக்காவே எழுதினார். 'சிங்கிள் ஹேண்ட், குடும்பத்தார் ஓட்டியது, டிராஃபிக்கில் ஓட்டாதது.' அடேயப்பா, அதற்கு வந்த போன்களைக் கேட்க வேண்டுமே! ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹோட்டல் கட்டுகிற ஒருவர் மொட்டை மாடியில் ஏற்றி வைத்து உள்ளே பிரியாணி பரிமாறக் கேட்டார். கல்யாண போட்டோ எடுக்கிறவர் வாடகைக்குக் கேட்டார். ஒருவர் இறக்கை மட்டும் போதும், வீட்டு வாசலுக்குப் பந்தலாகப் போட்டுக்கொள்கிறேன் என்றார். பிரியாணிக்காரர் நல்ல விலை சொன்னவர், விடாமல் வந்துகொண்டிருந்தார். "பறக்க வெப்பியா? மாட்ட இல்ல? அப்ப நாஸ்தா துண்ணுட்டுக் கெளம்பு" என்று அக்கா அவரை அனுப்பி வைத்தார்.

மார்கழி பிறந்துவிட்டது. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. காரை மோந்து பார்க்கும்போதுகூட மனம் பொழிச்சலூரில் இருந்தது. "பொங்கல் வந்துகினே கீது சார். பேஜாரா கீது" என்று என்னிடமே நாலைந்து முறை சொன்னார்.

அப்போதுதான் ஷபீனா போன் செய்தார். பல்லாவரத்தில் தோல் கையுறை செய்து ஏற்றுமதி செய்கிற குடும்பம். தொழிலை நடத்துவதே இவர்தான். நாற்பது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கிவிட்டார். சாம்பசிவனிடம் போனில் நீளமாகப் பேசினார். அவரும் விமானத்துக்கு இதுவரை என்னென்ன அடிபட்டது என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சனிக்கிழமை இன்ஜினியரோடு வந்து பார்ப்பதாக முடிவாயிற்று.

சாம்பசிவன் தன் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்ததால் கொட்டகைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா துரையைக் கூட்டிக்கொண்டு போனார். விமானத்தின் வயிறு முழுக்க என்ஜினிலிருந்து வழிந்த எண்ணெய்க் கறை, காய்ந்து கருத்த கோடுகள். "ஐயே, இப்டியா ஒரு பொம்பள பார்ட்டிக்கு காட்டுறது?" என்று அக்கா முகம் சுளித்தார். துரை கறையைத் துடைத்தார், தேய்த்தார், பளபளவென்று வெள்ளை பெயிண்ட் அடித்தார். வாலில் ஏதோ சின்ன எழுத்து மங்கிக் கிடந்தது, அதன் மேலும் அடித்துவிட்டார். முடித்துவிட்டு இருவரும் எட்ட நின்று பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறார்கள். எனக்கும் போன் வந்தது. "சார், சனிக்கெழம ஃப்ரீயா? பெல்ட் போட்டுகினு வாங்க. ஏரோப்ளேன் பார்ட்டி நீங்க."

போனேன். புத்தி இருந்தால் போயிருப்பேனா?

ஷபீனாவுடன் வந்த இன்ஜினியர் ஏஞ்சல், முப்பது வயதுப் பெண். விமானப் பராமரிப்புக்கு உரிமம் பெற்றவர். பேச்சு குறைவு. கையில் டார்ச், பல் டாக்டரிடம் இருப்பது போன்ற சின்னக் கண்ணாடி. கோரைப்பாயை விரித்து விமானத்துக்குக் கீழே படுத்துக்கொண்டார். அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பிய சாம்பசிவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அக்கா சொல்லிக்கொடுத்தபடி இறக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஷபீனா என்னை ஆர்வமாகப் பார்த்தார்.

"நீங்களும் வாங்க வந்திருக்கீங்களா? ட்ரெயினிங் எங்க எடுத்தீங்க?"

 வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே பயிற்சி கம்ப்யூட்டர் வகுப்பு. "காட்டாங்குளத்தூர்ல" என்றேன்.

"அங்க ரன்வே இருக்கா?"

நல்லவேளை, ஏஞ்சல் வெளியே வந்தார். விரலை மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த பெயிண்ட் எப்போ அடிச்சது?"

"கம்பெனி பெயிண்ட்மா" என்றார் அக்கா. யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. இருபது வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

நாற்காலியிலிருந்து சாம்பசிவன் குரல் வந்தது. "பெயிண்ட்டா? நாம பெயிண்ட் எதுவும் அடிக்கலையே மெட்டில்டா?"

அக்காவின் முகத்தை அன்றுதான் அப்படிப் பார்த்தேன். ஏஞ்சல் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "ஆன்ட்டி, காருக்குப் பளபளப்பு அழகு. ப்ளேன்ல புது பெயிண்ட்டப் பார்த்தா எங்களுக்கு பயம்தான் வரும். அடியில வெடிப்பு இருக்கா, அரிப்பு இருக்கா, எதுவும் தெரியாது. எண்ணெய் எங்கேர்ந்து கசியுதுன்னு நான் அந்தக் கறைய வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நீங்க கறையவே தொடச்சிட்டீங்களே" என்றார். ஷபீனா கைப்பையை எடுத்துக்கொண்டார். "இல்லங்க, இது சரிவராது. நான் இதுல உட்கார்ந்து மேல போகணும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

அக்கா பின்னாலேயே ஓடினார். "இருங்கம்மா, இந்த சாரு வேற ரெடியா கீறாரு, அப்பால கெடைக்காது" என்று என்னைக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன். கேட்டருகே ஷபீனா நின்று திரும்பினார். அக்காவும் நின்றார். ஒரு முறை கொட்டகைப் பக்கம் பார்த்தார். சாம்பசிவன் நாற்காலியை விட்டு எழுந்து, சத்தம் வரும் திசையைத் தேடி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பொய்மா" என்றார் அக்கா. "இந்த சாரு பார்ட்டியே இல்ல. எங்கையில ஆம்னி வாங்கி ஏமாந்தவரு. பெயிண்ட் நான்தான் அடிச்சேன், இந்த வாரம்தான். பெரியவருக்கு ஒண்ணுமே தெரியாது, அவர சந்தேகப்படாதீங்க. மறைக்கணும்னு அடிக்கலம்மா. மூஞ்சி கழுவிக் காட்டுனா உங்களுக்குப் புடிக்கும்னு அடிச்சேன். எனக்குத் தெரிஞ்ச தொழிலு அதான். நீங்க வாங்காங்காட்டி அத்த அறுத்துப் போட்டுருவாங்க."

நான் ஏமாந்தவன் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

ஷபீனா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். பிறகு ஏஞ்சலைப் பார்த்தார். ஏஞ்சல், "உரிச்சுக் காட்டட்டும். அடியில இருக்கறத அப்படியே நான் பார்க்கணும். அப்புறம் சொல்றேன்" என்றார். எந்தத் திரவம் தடவ வேண்டும் என்று சொல்லிவிட்டு, "இரும்பு மட்டும் படவே கூடாது. பிளாஸ்டிக் தகடாலதான் எடுக்கணும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு அக்கா சாம்பசிவன் முன்னால் போய் நின்றார். "தப்பு பண்ணிட்டேன் சார்" என்றார். சாம்பசிவன் கையை நீட்டி விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப வழவழன்னு இருக்கேம்மா. எனக்கே அடையாளம் தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, "போய்த் தகடு வாங்கிட்டு வா. நான் கதவுகிட்ட உட்கார்ந்துக்கறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கன்சல்டிங் பூட்டிக் கிடந்தது. கோரைப்பாயில் மல்லாந்து படுத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அக்காவும் துரையும் விரல் விரலாக உரித்தார்கள். "அடிக்கச் சொன்னதும் நீ, உரிக்கச் சொல்றதும் நீ. என் வேலைய நானே சுரண்டறேன். வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்" என்று துரை புலம்பிக்கொண்டே இருந்தார். மேலே பெரிய விமானங்கள் போய்வந்துகொண்டிருந்தன. சாம்பசிவன் விமானத்துக்குள் தன் பழைய இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எந்த விமானம் என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயிண்ட் போனதும் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு தெரிந்தது, சுற்றிலும் ஆணி வரிசை. அதன் ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி.  "போச்சு. தெரிஞ்சிருந்தா அந்த பெயிண்ட்டோட உட்டுருக்கலாமே சார்" என்று அக்கா எனக்குப் போன் செய்தார். கொஞ்சம் நிறுத்தி, "சொம்மா சொன்னேன்" என்றார்.

ஏஞ்சல் ஷபீனாவோடு மறுபடி வந்து விமானத்துக்குக் கீழே படுத்தார். வெகுநேரம் படுத்திருந்தார். ஒட்டைச் சுற்றித் தட்டினார், சுரண்டினார், கண்ணாடியில் பார்த்தார். எழுந்து வந்து ஷபீனாவிடம், "ஐயா போன்ல சொன்ன ஒட்டு இதான். ரன்வேல கல்லு அடிச்சது. நல்லா போட்டிருக்காங்க. அரிப்பு மேலாப்பலதான் இருக்கு, சரி பண்ணிடலாம். இப்பத்தான் இது என்ன ப்ளேன்னு எனக்குத் தெரியுது" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "நல்லா உரிச்சிருக்கீங்க ஆன்ட்டி. ஒரு கீறல் இல்ல" என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். துரை விறுவிறுவென்று வெளியே போய் பீடி பற்ற வைத்தார்.

விலை பேசி முடிந்து, பொங்கலுக்கு முன்னால் ஷபீனா அனுப்பிய லாரிகள் வந்தன. இறக்கை ஒரு லாரி, உடல் ஒரு லாரி. பொழிச்சலூர்த் தெருவே திரண்டு நின்று செல்போனில் படம் எடுத்தது. அதற்குப் பிறகு டில்லி அனுமதி, உதிரிபாகம், மறுபடி டில்லி என்று மாதங்கள் ஓடின. அக்கா ஏஞ்சலை வாரம் தவறாமல் போனில் பிடுங்கி எடுத்தார். இப்போது ஏஞ்சலுக்கும் ஒரு பழைய கார் வாங்கித் தந்திருக்கிறார். பெயிண்ட் அடிக்காதது.

ஆவணியில் ஒரு காலை. மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஆலைக்காரர் ஒருவர் சொந்தமாகப் போட்ட ஓடுபாதை. அனுபவமுள்ள விமானி ஒருவர் முந்தின வாரமே ஓட்டிச் சரிபார்த்துவிட்டார். இன்று ஷபீனாவின் முறை. என் ஆம்னியில் அக்காவும் சாம்பசிவனும் வந்தார்கள். இடப்பக்கத் திருப்பம் ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தது. "உயிர் கீது சார்" என்றார் அக்கா, வெட்கமே இல்லாமல்.

இறக்கை பூட்டி நின்ற விமானத்தைப் பார்த்ததும் அக்காவின் கை தானாகக் கீழ்ப் பைக்குள் போயிற்று. 786 ஸ்டிக்கரை நீட்டினார். ஏஞ்சல் வேண்டாம் என்று தலையாட்டினார். ஷபீனா அதை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்து, இரண்டு தட்டுத் தட்ட வால் பக்கம் கையை ஓங்கினார் அக்கா. ஏஞ்சல் ஓடி வந்து தடுத்தார். துரை அழித்த அந்தச் சின்ன எழுத்தை இப்போது புதிதாக எழுதியிருந்தார்கள். கை வைத்துத் தள்ளாதே என்று எழுதியிருக்கிறதாம். அக்கா கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

என்ஜின் முழங்கியது. விமானம் ஓடுபாதையில் உருண்டு போக ஆரம்பித்ததும் அக்கா வழக்கம்போல் முதுகைத் திருப்பிக்கொண்டு என் ஆம்னியைப் பார்த்து நின்றார். சத்தம் ஓங்கியது, விலகியது, திடீரென்று லேசாகியது.

"ஏறிடுச்சு" என்றார் சாம்பசிவன். முகத்தை மேலே தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். வானம் முழுக்க ஒரே வெளிச்சமாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் துழாவி அக்காவின் காக்கிச் சட்டைக் கையைப் பிடித்தார். "மெட்டில்டா, எந்தப் பக்கம்மா போறது? எனக்குத் தெரியலையே."

நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைக் கையமர்த்தினார். பிறகு மெல்லத் திரும்பி, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தோ சார்... புளியமரத்துக்கு மேல. ஏறிகினே கீது. வெயிலு பட்டு ஷோக்கா மின்னுது. இப்ப ஏரிக்கு மேல போயிடுச்சு."

"இறக்கை நேரா இருக்கா?"

"ரெண்டும் நேரா கீது சார்."

"இப்ப இடது பக்கம் சாயணும்."

"சாயுது சார். சாஞ்சுகினு திரும்புது... அய்யோ, நம்ம பக்கமாவே வர்து சார்!"

பின்னால் நின்று பார்த்தால் திரும்பி வரும் என்று அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. விமானம் எங்கள் தலைக்கு நேர் மேலே தாழ்வாக வந்தது. வயிற்றில் அதற்குள் எண்ணெய்க் கறை மெல்லிய கோடாக விழுந்திருந்தது. சாம்பசிவன் சத்தத்துக்குக் கையசைத்தார். அக்கா அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். கண்ணை வானத்திலிருந்து எடுக்காமலே பக்கத்தில் கையை நீட்டித் தேடி, என் ஆம்னியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.